இழைக் கோட்பாடு எந்தக் கேள்விக்கு விடை சொன்னது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மியூவான் என்ற துகளின் காந்தப் புதிருக்கு, துகள்களை நுண்ணிய இழைகளின் அதிர்வுகளாகப் பார்க்கும் இழைக் கோட்பாட்டில் (ஸ்டிரிங் தியரி) விடை கிடைத்துவிட்டது என்று உங்கள் ஞாயிறு இணைப்பில் ஒரு கட்டுரை வந்திருந்தது. பல வருடம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுத்தவன் நான், படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. அந்தப் புதிரே இன்று ஏறக்குறைய கரைந்துவிட்டது, கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

மியூவான் எலக்ட்ரானின் உறவுக்காரன், 207 மடங்கு கனம், ஒரு குட்டிக் காந்தமும்கூட. அதன் காந்த வலிமையைக் குறிக்கும் ஜி என்ற எண் 2 என்பது டிராக் 1928-இல் எழுதிய சமன்பாட்டிலிருந்து வருவது. வெற்றிடத்தில் தோன்றி மறையும் துகள்களால் அது 2-ஐவிடத் துளி கூடுகிறது, அந்தத் துளி எவ்வளவு என்பதில்தான் இத்தனை வருடச் சண்டையும். அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் அளந்தார்கள், அப்புறம் 15 மீட்டர் அகலமுள்ள அதே காந்த வளையத்தை 2013-இல் படகிலும் லாரியிலும் ஏற்றி சிகாகோ பக்கத்து ஃபெர்மிலாப் ஆய்வகத்துக்குக் கொண்டுபோய் மறுபடி அளந்தார்கள். 2021 ஏப்ரல் 7 அன்று, அளவுக்கும் கணக்குக்கும் 4.2 சிக்மா இடைவெளி, அதாவது தற்செயலாக நேர வாய்ப்பு மிகக் குறைவான இடைவெளி, என்று அறிவித்தார்கள். கனமான புதுத் துகள்கள், கூடுதல் பரிமாணங்கள், இழைகளின் முனைகள் ஒட்டிக்கொள்ளும் பிரேன்கள் எனும் பரப்புகள் என்று விளக்கங்கள் குவிந்தன.

அதே நாளில் இன்னொன்றும் நடந்தது. அந்தத் துளியில் குவார்க்குகளின் (புரோட்டான், நியூட்ரானுக்குள் இருக்கும் துகள்கள்) பங்கைச் சூப்பர் கம்ப்யூட்டரில் நேரடியாகக் கணக்கிட்ட ஒரு குழு, இடைவெளி பெரும்பாலும் இல்லை என்று நேச்சர் இதழில் எழுதியது. பழைய கணக்கு இந்தப் பங்குக்கு எலக்ட்ரானும் அதன் எதிர்த்துகளான பாசிட்ரானும் மோதும் சோதனைகளின் தரவை நம்பியிருந்தது. 2025-இல் கோட்பாட்டாளர்களே புதிய முறைக்கு மாறினார்கள், அந்த ஜூனில் ஃபெர்மிலாப் பத்துக் கோடியில் 13 பங்குகூடப் பிசகாத துல்லியத்தோடு தந்த இறுதி அளவு அதோடு ஒத்துப்போனது.

இழைக் கோட்பாட்டின் மேல் எனக்குக் கோபம் இல்லை, ஈர்ப்பு விசையில் அது செய்திருப்பது பெரிய வேலை. ஆனால் அதை வைத்துக் கட்டிய மாதிரிகளில் புதுத் துகளின் நிறையையும், மற்ற துகள்களோடு அதற்குள்ள பிணைப்பின் வலிமையையும் தேவைக்கு ஏற்ப நகர்த்தலாம். இடைவெளி இருந்தபோது அதற்குப் பொருத்தினார்கள், இல்லையென்றால் இல்லாமைக்கும் பொருத்தலாம். இதை எப்படி விடை என்பது?

உண்மையில் மிச்சமிருக்கும் கேள்வி வேறு. ரஷ்யாவின் நோவோசிபிர்ஸ்க்கில் 2023-இல் வெளிவந்த எலக்ட்ரான், பாசிட்ரான் மோதல் அளவு மற்ற சோதனைகளோடு ஏன் முரண்படுகிறது? அதைப் பற்றி ஒரு கட்டுரை போடுங்கள், முதலில் போட்டதைப் போலவே பெரிதாக.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்