பெட்டிக்கு ஐப்பசியில் அளவெடு

அன்புள்ள மாப்ளே,

கடிதம் வந்தது. ரிட்டயர் ஆனதும் மதுரை திருநகர் வீட்டுக்கே வந்துவிடுகிறாய் என்பதுதான் இந்த வருடத்தின் நல்ல சேதி. இங்கே எல்லோரும் சௌக்கியம். புதுமண்டபத்துக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போனதிலிருந்து அந்தப் பக்கம் போகவே மனசு வருவதில்லை.

நீ வாங்கிய லிமிடெட் எடிஷன்ஸ் கிளப் புத்தகத்தின் படத்தைப் பார்த்தேன். பொறாமைதான், வேறென்ன. அது 1929-ல் ஜார்ஜ் மேசி நியூயார்க்கில் தொடங்கிய பதிப்பகம். அந்தக் காலத்தில் ஒரு நூலுக்கு 1,500 பிரதிதான் அடிப்பார்கள். ஓரம் பிய்ந்த உறைப்பெட்டியை, அதாவது முதுகு மட்டும் தெரியும்படி புத்தகத்தைச் செருகி வைக்கிற அட்டைக்கூட்டை, தூக்கிப் போடலாமா என்று கேட்கிறாய். போட்டுவிடாதே! பெட்டி போனால் பிரதிக்கு மதிப்பு இறங்கும். துணியில் சுற்றித் தனியாக வை, புத்தகத்துக்குப் புதிதாக ஒன்று செய்துகொள்ளலாம்.

ஆனால் சாதாரண பைண்டிங் கடைச் சரக்கு இதற்கு ஆகாது. மலிவான கிரே போர்டில் அமிலம் இருக்கும். மைதாப் பசை ராமபாணப் பூச்சிக்கு விருந்து. பூச்சி வராமலிருக்க அதில் மயில்துத்தம் கலப்பார்கள்; அதிலுள்ள செம்பு நாளாவட்டத்தில் தாளையே கெடுத்துவிடும். அமிலமில்லாத அட்டையை நீயே வரவழைத்துக் கொடு. பசைக்கு பி.வி.ஏ. என்கிற வெள்ளைப் பசை போதும்.

அதைவிட முக்கியம் அளவு. சித்திரை வெயிலில் தாள் காய்ந்து ஒடுங்கியிருக்கும்போது அளவெடுத்தால், ஐப்பசி அடைமழையில் அது ஈரம் குடித்து உப்பும், பெட்டிக்குள் நுழையாது. திணித்தால் மேலட்டை தேயும். சரி, தாராளமாகச் செய்யலாமே என்றால் அதுவும் தப்பு. பெட்டி பிடிப்பாக இருந்தால்தான் தாள்கட்டு கீழே தொங்காது, முதுகுத் தையல் தளராது. அதனால் மழைக்காலத்தில்தான் அளவெடுக்க வேண்டும் என்று நம்ம பைண்டரிடம் சொன்னேன். "பெட்டிக்கும் முகூர்த்தமா சார்?" என்று சிரித்தார். சிரிக்கட்டும்.

இன்னொன்று. இந்த உறைப்பெட்டி என்னதான் அழகாக இருந்தாலும் முதுகு வெளியேதான் தெரியும். உன் ஹாலில் மேற்கு ஜன்னல் வெயில் நேராக விழுகிறது, இரண்டு கோடையில் முதுகு மட்டும் வெளுத்துப்போகும். என்னைக் கேட்டால் சோலாண்டர் பெட்டியே செய்துவிடு. புத்தகத்தை முழுசாக மூடிவிடும். ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸின் சீடர் டேனியல் சோலாண்டர் பிரிட்டிஷ் மியூசியத்தில் செடி மாதிரிகளை வைக்க உருவாக்கியது என்பார்கள். செலவு கூடத்தான். அலமாரியில் வரிசையாக முதுகு தெரிகிற அழகும் போய்விடும், அது உனக்கு வருத்தம் என்று தெரியும். அப்படியானால் ஜன்னலுக்குக் கனமான திரையாவது போடு.

தீபாவளிக்கு வரும்போது புத்தகத்தைக் கையோடு கொண்டு வா. போனில் அளவு சொல்கிற வேலை வேண்டாம். நாலு நாள் நம்ம வீட்டு அலமாரியில் இருந்து மழைக்காற்றுக்குப் பழகட்டும், அப்புறம் பைண்டரிடம் போகலாம். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

உன் மச்சான்