படத்தில் என்ன நடந்துகொண்டிருக்கிறது?

ஆறாம் வகுப்பு ஆங்கில வினாத்தாள் தயாரிக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம். கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லைன் வீட்டில் ஒன்பது பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறவள் நான். அரையாண்டுத் தேர்வில் வந்த படக் கேள்வியைப் பற்றித்தான் இந்த மடல். எதைச் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரியும்.

படத்தைப் பார்த்து, என்ன நடந்துகொண்டிருக்கிறது என்று ஆங்கிலத்தில், 'பிரசன்ட் கன்டினியூவஸ்' காலத்தில், ஐந்து வாக்கியம் எழுத வேண்டும். நல்ல கேள்வி. படம்தான் இல்லை. ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்து எங்கள் மலைக்கு வந்து சேர்ந்தபோது அது விறகடுப்புச் சட்டியின் அடிப்பக்கம் மாதிரி இருந்தது. எங்கள் பிள்ளை ஒருத்தி உற்று உற்றுப் பார்த்துவிட்டு எழுதினாள்: 'மிஸ்ட் இஸ் கமிங். ஐ ஆம் நாட் சீயிங் எனிதிங்.' ஐந்துக்குப் பூஜ்ஜியம். விடைக்குறிப்பைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, அது கடற்கரையாம். பிள்ளைகள் மணல்வீடு கட்டுகிறார்களாம், ஒருவர் பலூன் விற்கிறாராம். அவள் இன்னும் கடலையே பார்த்ததில்லை, அது வேறு விஷயம்.

முதல் வாக்கியத்தில் என்ன பிழை? எழுவாய்க்கு ஏற்ற 'இஸ்' இருக்கிறது, வினையோடு 'இங்' இருக்கிறது. இரண்டாவது பிழைதான், ஒப்புக்கொள்கிறேன். கண்ணுக்குத் தெரிவதைச் சொல்லும்போது 'சீ'க்கு 'இங்' போடுவதில்லை. 'ஐ கான்ட் சீ எனிதிங்' என்றுதான் எழுத வேண்டும். 'நோ', 'வான்ட்' எல்லாம் அந்தக் கூட்டம்தான். ஆனால் இதை அவளுக்கு யார் சொன்னார்கள்? 'ஆம், இஸ், ஆர் கூட இங்' என்று வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கச் சொன்னார்கள், ஒப்பித்தாள். 'மேக்'கில் கடைசி 'இ' போகும், 'ரன்'னில் 'என்' இரட்டிக்கும், எல்லாம் தலைகீழாகத் தெரியும். எப்போது சொல்வது என்பதுதான் தெரியாது.

கஷ்டமே அங்கேதான். தமிழில் 'அம்மா கொழுந்து பறிக்கிறார்' என்றால் அது அவர் பிழைப்பாகவும் இருக்கலாம், இந்த நிமிஷம் நடப்பதாகவும் இருக்கலாம். வேண்டுமென்றால் 'கொண்டிருக்கிறார்' சேர்ப்போம், இல்லாவிட்டாலும் புரியும். ஆங்கிலம் அப்படி விடாது. போன சனிக்கிழமை ஒரு பையனிடம், அம்மா என்ன வேலை செய்கிறார் என்று ஆங்கிலத்தில் கேட்டேன். 'மை மதர் இஸ் பிளக்கிங் டீ லீவ்ஸ்' என்றான். அவன் அம்மா காய்ச்சலோடு வீட்டில் படுத்திருந்தார்! 'பிளக்ஸ்' என்றால் பிழைப்பு, 'இஸ் பிளக்கிங்' என்றால் இப்போது என்று சொல்லி, ஜன்னல் வழியே எதிர்ச் சரிவைக் காட்டினேன். நாலு பேர் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். 'தே ஆர் பிளக்கிங்' என்றான். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

அதைத்தான் கேட்கிறேன்: பிள்ளைகளின் கண்முன் நடப்பதைக் கேளுங்கள். ஜன்னலுக்கு வெளியே பார்த்து ஐந்து வாக்கியம் எழுது என்று ஒரு வரி போதும். மழை பெய்துகொண்டிருக்கும், காட்டெருமை மேய்ந்துகொண்டிருக்கும், சத்துணவுக் கூடத்தில் சாம்பார் கொதித்துக்கொண்டிருக்கும். ஜெராக்ஸ் செலவும் மிச்சம்.

இந்தக் 'கொண்டிருக்கிறது' காலம் ஒன்றும் எங்களுக்குப் புதிதல்ல. எங்கள் ரோட்டைப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள், மூன்று வருஷமாக. பஸ் வந்துகொண்டிருக்கிறது, காலை ஏழு மணியிலிருந்து. மனு கொடுத்தால் பரிசீலித்துக்கொண்டிருக்கிறார்கள். சரி, இதற்கெல்லாம் நீங்கள் பொறுப்பில்லை, மன்னிக்கவும்.

முழு ஆண்டுத் தேர்வு வருகிறது. தயவுசெய்து கண்முன் நடப்பதைக் கேளுங்கள். படம்தான் வேண்டுமென்றால் வெறும் கோட்டுப்படமாகப் போடுங்கள், ஜெராக்ஸில் கோடாவது பிழைக்கும். அப்புறம், அந்தப் பிள்ளையின் முதல் வாக்கியத்துக்கு ஒரு மதிப்பெண்ணாவது போடச் சொல்லுங்கள். அன்றைக்குப் பரீட்சை நேரத்தில் வெளியே மிஸ்ட் இறங்கிக்கொண்டுதான் இருந்தது.

இப்படிக்கு,
லைன் வீட்டு டியூஷன் அக்கா