பேத்தை மீனை ஊதவைத்து வேடிக்கை பார்க்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் வீட்டுத் தொட்டியில் கடல் மீன் வளர்ப்பது பற்றி ஒரு பக்கம் வந்திருந்தது. படங்களெல்லாம் நன்றாக இருந்தன. ஆனால் பேத்தை மீன், அதாவது கடைக்காரர்கள் 'பஃபர்' என்று விற்கிற மீன், லேசாகச் சீண்டினால் பந்துபோல ஊதும், பிள்ளைகளுக்கு நல்ல பொழுதுபோக்கு என்கிற மாதிரி எழுதியிருந்தார்களே, அதைப் படித்ததும் பேசாமல் இருக்க முடியவில்லை. மதுரையில் இப்போது அந்த மீனை வாங்குகிறவர்களில் பாதிப் பேர் அந்த ஊதலுக்காகத்தான் வாங்குகிறார்கள். கடையிலேயே வலையால் குத்தி ஊதவைத்துக் காட்டுகிறார்கள், இவர்கள் போனில் வீடியோ எடுக்கிறார்கள்.

பேத்தை ஊதுவது விளையாட்டுக்கு இல்லை ஐயா, உயிர்ப் பயத்தில். ஆஸ்திரேலியாவின் பவளப்பாறைக் கடலில் பிடித்த சிறு பேத்தைகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2014-இல் வெளிவந்தது. ஊதியிருக்கும்போது அந்த மீன் ஓய்வில் இருப்பதைவிடப் பல மடங்கு ஆக்சிஜனை இழுக்கிறது, ஒரு முறை ஊதி இறங்கினால் பழைய நிலைக்கு வரச் சராசரியாக 5.6 மணி நேரம் ஆகிறது என்று அதில் கண்டார்கள். இதில் பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் ஆளுக்கு ஒரு தடவை கண்ணாடியைத் தட்டினால் அதன் கதி என்ன? தண்ணீருக்கு மேலே தூக்கினால் இன்னும் மோசம். தண்ணீருக்குப் பதிலாகக் காற்றை விழுங்கிவிடும், அதை வெளியே விட முடியாமல் வயிறு மேலாக மிதந்து சாகிற மீன்களும் உண்டு. அதனால் கடையிலிருந்து கொண்டுவரும்போதும் தொட்டி மாற்றும்போதும் வலை போடவே கூடாது, ஒரு பிளாஸ்டிக் டப்பாவைத் தண்ணீருக்குள் இறக்கி மீனைத் தண்ணீரோடு மொண்டு எடுக்க வேண்டும்.

சரி, வாங்கியாயிற்று, இனி என்ன செய்வது என்று கேட்கிறவர்களுக்காக மீதியைச் சொல்கிறேன்.

முதலில் அது எந்தப் பேத்தை என்று தெரிய வேண்டும். கேரள ஆறுகளிலிருந்து வருகிற சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய குட்டிப் பேத்தை முழுக்க நன்னீர் மீன், உப்புத் தண்ணீரில் விட்டால் செத்துப்போகும். பச்சை உடம்பில் கரும்புள்ளி வைத்தது கழிமுக மீன். அதை நன்னீர் மீன் என்று சொல்லி விற்கிறார்கள், சின்னதில் தாங்கும், வளர வளர உப்பு கேட்கும். முழுக் கடல் மீன்களில், முதுகில் கறுப்புப் பட்டை போட்ட வாலண்டினி என்கிற பேத்தை பத்துச் சென்டிமீட்டர் அளவில் நின்றுவிடும், அதற்கு 120 லிட்டராவது வேண்டும். நாய் முகப் பேத்தை ஒரு அடி வளரும், 400 லிட்டருக்குக் குறைந்து அதை நினைக்காதீர்கள். விரல் நீளத்தில் இருக்கும்போது வாங்குகிறவரிடம் இதையெல்லாம் யாரும் சொல்வதில்லை.

அப்புறம் உப்பு. "கல்லுப்பு போட்டாப் போதாதாண்ணே?" என்று என்னிடம் கேட்காதவர்களே இல்லை. போதாது. கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புகள் இருக்கின்றன, அதில் பெரும்பங்கு நாம் சாப்பிடுகிற உப்புதான், ஆனால் மெக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் எல்லாம் சேர்ந்துதான் அது கடல் நீர். தூத்துக்குடி உப்பளத்தில் சாப்பாட்டு உப்பு படிந்ததும் கசப்பான மெக்னீசியமெல்லாம் மிச்சத் தண்ணீரோடு வெளியே போய்விடுகிறது. நமக்கு வருவது அது போன பிறகு உள்ள உப்பு. மீன் தொட்டிக்கென்றே விற்கிற கடல் உப்புக் கலவையை வாங்கி, முந்தின நாளே வாளியில் கரைத்துச் சின்ன மோட்டார் போட்டுச் சுற்றவிட்டு, தண்ணீரின் அடர்த்தியை வைத்து உப்பு அளவைக் காட்டுகிற ஹைட்ரோமீட்டரில் 1.022-க்கும் 1.025-க்கும் நடுவில் வருகிறதா என்று பார்த்துத்தான் தொட்டியில் ஊற்ற வேண்டும். கரைக்கிற தண்ணீரும் முக்கியம். நம் ஊர் போர் தண்ணீரை வைத்தால் அடுப்பில் வைத்த பாத்திரமே வெள்ளை பூக்கிறது, குழாய்த் தண்ணீரில் குளோரின். ஆர்.ஓ. தண்ணீர்தான் சரி. ராமேஸ்வரம் போகிற வழியில் மண்டபம் கடற்கரைப் பக்கம் போனால் பவளப்பாறைத் துண்டு எடுத்து வந்து தொட்டியில் போடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள், 1972 வன உயிரினச் சட்டப்படி அது குற்றம்.

மீனுக்கு முன்னால் தண்ணீர் தயாராக வேண்டும் என்பதுதான் யாரும் காதில் வாங்காத விஷயம். மீன் விடுகிற அமோனியாவை நைட்ரைட்டாகவும் அதை நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியா ஃபில்டரில் பிடிக்க நாலு முதல் ஆறு வாரம் ஆகும். கடல் நீரின் பி.எச்., அதாவது காரத்தன்மையைக் காட்டுகிற அளவு, 8-க்கு மேல், அந்த நிலையில் அமோனியாவின் விஷம் இன்னும் கடுமை. பேத்தையோ கண்டபடி தின்று கண்டபடி சிந்துகிற மீன். ஏற்கெனவே மீனை விட்டுவிட்டீர்கள் என்றால், டெஸ்ட் கிட் வாங்கித் தினமும் பாருங்கள், அமோனியாவோ நைட்ரைட்டோ கொஞ்சம் தெரிந்தாலும் அன்றைக்கே தண்ணீரில் கால்வாசியை மாற்றுங்கள், தீனியைக் குறையுங்கள். தொட்டி பழகிய பிறகும் வாராவாரம் கொஞ்சம் மாற்றத்தான் வேண்டும். கழிவை நுரையாக்கி வெளியே எடுக்கிற ப்ரோட்டீன் ஸ்கிம்மர் ஒன்று மாட்டுவது இந்த மீனுக்கு ஆடம்பரம் இல்லை.

மதுரையில் இன்னொரு வில்லன் வெயில். இந்த மீனுக்கு 24 முதல் 27 டிகிரி வேண்டும், சித்திரையில் நம் மாடி அறையே அதைத் தாண்டிவிடுகிறது. தண்ணீர் சூடாக ஆக அதில் ஆக்சிஜன் குறையும். தண்ணீரைக் குளிரவைக்கிற சில்லர் வாங்க வசதி இல்லாதவர்கள் தண்ணீர் மட்டத்தின் மேல் சின்ன ஃபேன் வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆனால் அப்போது தண்ணீர் வேகமாக ஆவியாகும், ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே நிற்கும். குறைந்த இடத்தை வெறும் ஆர்.ஓ. தண்ணீரால் நிரப்ப வேண்டும், உப்புத் தண்ணீரால் நிரப்பினால் ஒரே வாரத்தில் தொட்டி கரித்துக்கொட்டும். பராமரிப்புப் பணி என்று பகல் முழுக்கக் கரண்ட் நிறுத்துகிற நாளுக்கு பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கையில் இருக்கட்டும்.

தீனிதான் நான் அதிகம் சொல்ல வேண்டியது. பேத்தைக்கு மேலே இரண்டு, கீழே இரண்டு, நாலே பல், கிளி அலகு மாதிரி. அது வளர்ந்துகொண்டே இருக்கும். கடலில் நண்டு, மட்டி, நத்தை என்று ஓட்டை உடைத்து உடைத்துத் தேய்த்துக்கொள்கிறது. தொட்டியில் மெத்தென்ற தீனியாகவே போட்டால் பல் நீண்டு வாய் மூடமுடியாமல், எதிரே இரையிருந்தும் பட்டினி கிடந்து செத்துப்போகும். நீண்ட பல்லைக் கிராம்பு எண்ணெயில் மயக்கி வெட்டுகிறார்கள், தெரியாதவர்கள் வீட்டில் முயல வேண்டாம். மாட்டுத்தாவணி மீன் மார்க்கெட்டில் சின்ன நண்டும் ஓட்டோடு இறாலும் மட்டியும் வாங்கிச் சிறு பொட்டலமாக ஃப்ரீசரில் போட்டுவையுங்கள். இறாலை மட்டுமே மாதக்கணக்கில் கொடுக்கக் கூடாது, அதில் வைட்டமின் பி1-ஐ அழிக்கிற ஒரு பொருள் இருக்கிறது, முள்ளுப் பேத்தைக்குத் தாடை இறுகிப்போவதற்கு அதையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். கண்மாய் நத்தை வேண்டாம், அதில் சாக்கடையும் பூச்சிமருந்தும் எவ்வளவு இருக்கிறதோ. குட்டிக்குத் தினமும், வளர்ந்ததற்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதும். ஆளைப் பார்த்ததும் கண்ணாடிக்கு ஓடிவந்து பசிக்கிற மாதிரி நடிக்கும், நம்பாதீர்கள். தின்னாமல் விட்டதை உடனே எடுத்துவிடுங்கள்.

மீனின் உடம்பில் வெள்ளைப் புள்ளி நோய் வந்தால் கடைக்காரர் செம்பு மருந்தை நீட்டுவார். பேத்தைக்கு மற்ற மீன்களைப்போலச் செதில் கிடையாது, செம்பு ஒத்துக்கொள்ளாது, அளவு தெரியாமல் ஊற்றினால் நோயைவிட மருந்து முந்திக்கொள்ளும். புது மீன் எதுவானாலும் நாலு வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்துவிட்டுச் சேர்த்தால் இந்தத் தொல்லையே பெரும்பாலும் வராது. கூட விடுகிற மீன்களின் துடுப்பைக் கடிக்கும், நண்டும் நத்தையும் ஒன்றும் மிஞ்சாது. உங்கள் விரலும் அதற்கு நண்டுக்கால்தான். செத்துப்போனால் குப்பையில் எறியாமல் ஆழமாகப் புதையுங்கள். ஈரலிலும் சினையிலும் உள்ள நஞ்சு வேகவைத்தாலும் போகாது, தெருப் பூனை தின்றால் அதோடு சரி.

அந்தப் பக்கத்தை எழுதியவரைக் குறை சொல்லவில்லை, நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருப்பார். அடுத்த ஞாயிறு அந்த ஊதல் வரிக்கு ஒரு திருத்தம் போட்டால் போதும். கடைக்காரர்களும் தொட்டியின் மேல் மீனின் விலையோடு, அது எவ்வளவு வளரும், நன்னீரா உப்பு நீரா என்று ஒரு சீட்டு ஒட்டட்டும். விற்பனை குறையும் என்று பயப்படுகிறார்கள். குறைந்தால் குறையட்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
திருநகர், மதுரை