கலாவுக்கு, புது வாத்து பற்றி

பாகூர்

அன்புள்ள கலா,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. அண்ணனுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் நிம்மதி. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் போடு, அவர் சொல்கிற சாக்கு எதையும் கேட்காதே. இங்கே எல்லாரும் சௌக்கியம். பெரியவனுக்கு வில்லியனூரில் வேலை கிடைத்துவிட்டது, காலையில் ஏழரை மணிக்குள் சாப்பாடு கட்டிக் கொடுத்தாக வேண்டும், அதனால் கோழிகளைத் திறந்துவிடுவதும் முன்னைவிடச் சீக்கிரமாகிவிட்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். குறிஞ்சிப்பாடிப் பக்கம் வயலில் வாத்து மேய்க்கிறவர்களிடமிருந்து தம்பி ஒரு வாத்து வாங்கி வந்தான், அதைக் கோழிகளோடு எப்படிச் சேர்ப்பது என்று கேட்டிருக்கிறாய். நீ எழுதியதில் முக்கால்வாசி சண்டையைப் பற்றித்தான். சேவல் விரட்டுமா, பெட்டைகள் கண்ணைக் கொத்திவிடுமா என்று. சண்டை வரத்தான் செய்யும் கலா, ஆனால் அது நம் கண்ணுக்கு முன்னால் நடப்பது, ஒரு குச்சியை வைத்துக்கொண்டு விலக்கிவிடலாம். எனக்குக் கவலை அந்த வாத்து கூடவே எதைக் கொண்டு வந்திருக்கிறது என்பதில்தான். அறுவடை முடிந்த வயல் ஒவ்வொன்றிலும் மேய்ந்து, ஊர் ஊராகக் குட்டையிலும் வாய்க்காலிலும் இறங்கி வந்த பறவை அது. வெள்ளைக்கழிச்சல் கிருமி வாத்தின் உடம்பில் இருந்தால் வாத்துக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, தின்னும், நீந்தும், முட்டை போடும். அதே கிருமி கோழிக்குப் போனால் கழுத்து முறுக்கிக்கொண்டு, பச்சையாகக் கழிந்து, ஒரு வாரத்தில் கூண்டே காலியாகிவிடும். பறவைக் காய்ச்சலும் அப்படித்தான், வாத்து பல சமயம் பார்க்க ஆரோக்கியமாகவே இருக்கும். அதனால் "நல்லா துறுதுறுன்னு இருக்கு" என்று நீ எழுதியதை நான் ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவே மாட்டேன்.

ஒரு மாதம் முழுசாகத் தனியாக வை. தோட்டத்தில் கோழிகளுக்கு எட்டாத மூலையில், அங்கே ஊற்றுகிற தண்ணீர் கோழிகள் மேய்கிற பக்கம் ஓடி வராத இடமாகப் பார். தீவனத் தட்டு, தண்ணீர்ப் பாத்திரம், துடைப்பம் எல்லாம் அதற்கென்று தனி. காலையில் முதலில் கோழிகளைக் கவனித்துவிட்டுக் கடைசியில்தான் வாத்திடம் போக வேண்டும், அங்கே போக ஒரு பழைய செருப்பை ஒதுக்கி வைத்துவிடு, வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவு. இடையில் உன் கோழிகளுக்கு வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி போட்டு நாளாகியிருந்தால் அதையும் போட்டுவிடு. வாத்துக்கு வருகிற பிளேக் நோய் கோழிக்கு வராது, ஆனால் வாத்தைக் கொன்றுவிடும், அதற்குத் தனித் தடுப்பூசி இருக்கிறது, எட்டு வார வயதுக்கு மேல் போடுவார்கள். கால்நடை மருத்துவமனையில் முன்கூட்டியே சொல்லி வை, ஒற்றை வாத்துக்காக மருந்துக் குப்பியை உடைக்க யோசிப்பார்கள். இந்தப் பக்கத்தில் எங்களுக்குக் குரும்பாபேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருப்பது பெரிய வசதி.

அப்புறம் இன்னொன்று. அது கத்தும்போது தொண்டை கட்டின மாதிரி இருக்கிறது, சளியா என்று கேட்டிருந்தாய். மூக்கில் ஒழுகல், கண்ணில் நுரை, வாயைத் திறந்து மூச்சு வாங்குவது இதெல்லாம் இல்லையென்றால் அது சளி இல்லை, உன் வாத்து ஆண். "குவாக் குவாக்" என்று ஊரைக் கூட்டுவது பெட்டைதான், ஆணுக்குக் குரலே கரகரதான். வாலுக்கு மேலே ஒன்றிரண்டு இறகு சுருண்டு நிற்கிறதா பார். இறகு உதிர்கிற காலத்தில் அந்தச் சுருள் இருக்காது, அப்போது குரலை நம்பு.

ஆண் என்றால் நான் கொஞ்சம் வெளிப்படையாகவே எழுத வேண்டியிருக்கிறது. சேவலுக்கு இல்லாத உறுப்பு ஆண் வாத்துக்கு உண்டு, அதற்கு ஜோடி வாத்து இல்லாவிட்டால் கோழிப் பெட்டைகள் மேல் ஏறப் பார்க்கும், அதில் கோழிக்கு உள்ளே காயம்பட்டுச் செத்தும் போகும். ஒற்றை ஆண் வாத்தைக் கோழிகளோடு விடாதே. அஞ்சாறு பெட்டை வாத்துக்கு ஓர் ஆண் என்பதுதான் சரியான கணக்கு, வீட்டில் அவ்வளவு முடியாவிட்டாலும் ரெண்டு மூணு பெட்டையாவது இருக்க வேண்டும். ஆண் பெண் கதையை விட்டுவிட்டுப் பார்த்தாலும் வாத்து தனியாக இருக்கிற ஜீவன் இல்லை கலா. கோழிக்குக் கூட்டம் இல்லாவிட்டாலும் குப்பையைக் கிளறிப் பொழுதைப் போக்கும், வாத்து துணை கேட்டுக் கத்திக்கொண்டே இருக்கும், தீனியில் மனம் போகாது. கோழிகள் எவ்வளவு பழகினாலும் அவற்றுக்கு வாத்தின் பேச்சு தெரியாது.

தண்ணீர் விஷயத்தில் கோழிக்கும் வாத்துக்கும் ஒத்தே போகாது. குளம் வேண்டாம், ஆனால் தலை முழுக்க முங்குகிற ஆழத்துக்கு ஒரு பாத்திரம் கண்டிப்பாக வேண்டும், கண்ணையும் மூக்கையும் அது அப்படித்தான் கழுவிக்கொள்ளும். இல்லாவிட்டால் கண்ணில் பொருக்கு கட்டும். தீனியும் தண்ணீரோடு சேர்த்துத்தான் இறங்கும், அதனால் தீனி இருக்கிற நேரமெல்லாம் பக்கத்தில் தண்ணீர் இருக்க வேண்டும். ஆனால் அந்தத் தண்ணீரை வாரி இறைத்துச் சேறாக்கிவிடும், எச்சமும் தண்ணியாகவே இருக்கும். அந்த ஈரத்தில் கோழிக்குஞ்சுகள் நின்றால் ரத்தக்கழிச்சல் வரும். ஆகவே தண்ணீர்ப் பாத்திரம் கூண்டுக்கு வெளியே, மணல் கொட்டிய இடத்தில். குஞ்சு வைத்திருக்கிறாய் என்றால் பாத்திரத்துக்குள் ஒரு செங்கல் போடு, விழுந்தாலும் ஏறிக்கொள்ளும்.

தீனியில் நீ தவிடும் நொய்யும் பிசைந்து போடுவது நல்லது. தவிட்டில் இருக்கிற நியாசின் என்ற வைட்டமின் வாத்துக்குக் கோழியைவிட அதிகம் தேவை, குறைந்தால் வளர்கிற வாத்துக்குக் கால் வளைந்துவிடும். ஆனால் கடலைப் பிண்ணாக்கு போடுகிறாய் என்று எழுதியிருந்தாயே, அதை இப்போதே நிறுத்திவிடு. பூசணம் பிடித்த கடலையில் உண்டாகிற அஃப்ளாடாக்ஸின் என்ற நஞ்சு கோழியைவிட வாத்தைச் சீக்கிரம் தாக்கும், ஈரல் கெட்டுப் போய்விடும். 1960ல் இங்கிலாந்தில் லட்சம் வான்கோழிகளுக்கு மேல் கூட்டம் கூட்டமாகச் செத்தபோதுதான் அந்த நஞ்சையே கண்டுபிடித்தார்கள், கெட்ட கடலைப் பிண்ணாக்குதான் காரணம், வாத்துக்குஞ்சுகளும் அதில் போயின. நம் பக்கத்தில் ஐப்பசி கார்த்திகை மழையில் பிண்ணாக்கு மூட்டை எப்படிக் கசகசத்துப் போகும் என்று உனக்கே தெரியும்.

மாதம் முடிந்ததும் நேராகத் திறந்துவிடாதே. கோழி வலையை நடுவில் கட்டி இரண்டு பக்கமும் பார்த்துக்கொள்ளட்டும், ஒரு வாரம் பத்து நாள். தீனியை வலையை ஒட்டி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வை, பக்கத்தில் நின்று தின்னப் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது. வாத்து தலையை மேலும் கீழும் ஆட்டினால் பயப்படாதே, அது அதன் பேச்சு. பிறகு ஒருநாள் நீ வீட்டிலேயே இருக்கிற நாளாகப் பார்த்துத் திறந்த இடத்தில் சேர்த்துவிடு, கூண்டுக்குள் வேண்டாம், ஓடித் தப்ப இடம் இருக்க வேண்டும். தீனியை இரண்டு மூன்று இடத்தில் பிரித்து வை. கொஞ்சம் துரத்தும், கழுத்து இறகைப் பிடித்து இழுக்கும், விட்டுவிடு. ரத்தம் பார்த்தால் மட்டும் உடனே பிரித்துவிடு, ரத்தத்தைக் கண்ட கோழிகள் எல்லாம் சேர்ந்து அதே இடத்தில் கொத்தும். உன் சேவலுக்குக் கால் முள் நீளமாக இருந்தால் முதல் சில நாள் அதைப் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைத்துவிடு.

ராத்திரிக்கு வேறு ஏற்பாடு. கோழி குச்சியில் ஏறும், வாத்து தரையில் படுக்கும், ஒரே கூண்டில் விட்டால் மேலே இருக்கிறதெல்லாம் வாத்து முதுகில்தான் எச்சமிடும். கீழே தனியாக ஓர் அறை தடுத்து வைக்கோல் போட்டுவிடு. கீரியும் நாயும் கை நுழையாத வலையாகப் போடு. ஃபெஞ்சல் புயலுக்கு அப்புறம் நாங்கள் கூண்டுத் தரையையே மேடாக்கிவிட்டோம், 2024 கடைசியில் பெண்ணையாற்று வெள்ளம் உங்கள் பக்கம் வந்ததை நினைத்தால் நீயும் அதைச் செய்துவிடுவது நல்லது. மேடாக்கினால் படி வைக்காதே, அகலமான சரிவாக வை, வாத்துக்குப் படி ஏறுவது கஷ்டம். காலையில் ஒன்பது மணி வரை அடைத்தே வை, முட்டையெல்லாம் அதற்குள் போட்டுவிடும்.

என்னிடம் பெட்டை வாத்துகள் கூடுதலாக இருக்கின்றன, எல்லாமே இங்கேயே பொரிந்தவை, தடுப்பூசி போட்டவை. மூன்றை உனக்குத் தருகிறேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெரியவனோடு மஞ்சக்குப்பம் வருகிறேன், அண்ணனையும் பார்த்த மாதிரி இருக்கும். அவற்றையும் உன் புது வாத்தோடு சேர்த்து அந்த மூலையிலேயே விடு, ஒரு மாதக் கணக்கை அன்றிலிருந்து எண்ணு. அதற்குள் மூலையைத் தடுத்து, தண்ணீருக்கு ஒரு பழைய அன்னக்கூடையும் வாங்கி வைத்துவிடு, வலை நான் கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
செல்வி