அம்மணிக்கு, ஹெல்மெட் விஷயமாக

அம்மணி,

ஹெல்மெட் போட்டோ வந்தது. இத்தனை நாள் சத்தமே இல்லாமல் இருந்துவிட்டு, "அப்பா, இதுக்குக் கறுப்பு அடிச்சு நம்ம மெட்டாடோர் வேன் கழுகைப் போடணும், எப்படின்னு சொல்லுங்க, அந்தக் கீறலும் மறைஞ்சிடும்" என்று ஒரே வரி. சரி, அதாவது வந்ததே. பட்டறையில் எல்லோருக்கும் காட்டினேன். ஆஸ்திரேலியாவில் காட்டுத்தீக்கு மேலே ஹெலிகாப்டரில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றுகிறாள் என் மகள் என்று சொன்னால் இன்ஷூரன்ஸ் சர்வேயர் இன்னும் நம்ப மாட்டேன் என்கிறார்.

பெயிண்ட் டப்பாவைத் திறக்கும் முன்னால் ஓடு எதனால் ஆனது என்று உள்ளே இருக்கிற லேபிளில் பார். பாலிகார்பனேட் என்றிருந்தால் தொடவே தொடாதே. தின்னர் பட்ட அன்றைக்கு ஒன்றும் தெரியாது, பளபளவென்றுதான் இருக்கும், உள்ளே மயிரிழையாக வெடிப்பு ஓடிக்கொண்டிருக்கும், அடி விழுகிற அன்றைக்குத்தான் தெரியும். வைசரும் பாலிகார்பனேட்தான், அதன்மேல் பெயிண்ட் புகைகூடப் படக்கூடாது. உன்னுடைய ஓடு ஃபைபர் என்று நினைக்கிறேன், கீறின இடத்தில் நார் தெரிகிறது. அதை அப்புறம் சொல்கிறேன்.

ஃபைபர் ஓட்டில் நம் கார் பெயிண்ட் பிடிக்கும். ஆனால் வைசர், காதுக் கிண்ணம், மைக், வயர், தாடைப் பட்டை, விளிம்பு ரப்பர், உள்ளே இருக்கிற தெர்மாகோல் எல்லாம் கழற்றின பிறகுதான். கழற்ற வராவிட்டால் பெயிண்டும் வேண்டாம். ஒரு துண்டு தெர்மாகோலில் ஒரு சொட்டு தின்னர் விட்டுப் பார், சுருங்கிக் குழி விழுந்து, குழி கீழே கீழே போய்க்கொண்டே இருக்கும். உன் தலைக்கும் ஓட்டுக்கும் நடுவில் இருப்பது அதே சரக்குதான். நாம் காரை பெயிண்ட் பூத்தில் 60 டிகிரியில் வைத்துக் காய வைக்கிற மாதிரி இதை வைக்காதே, காற்றிலேயே காயட்டும். 800 நம்பர் தண்ணீர்ப் பேப்பரில் பளபளப்பு போகிற அளவுக்கு மட்டும் தேய், நார் வரைக்கும் போகாதே. புதுசாக ஓட்டை போடாதே. பட்டி வைக்கவே கூடாது. ஹெல்மெட்டே ஒன்றரைக் கிலோ பக்கம் இருக்கும், ராத்திரியில் நைட் விஷன் கண்ணாடியையும் முன்னால் மாட்டினால் எல்லாம் உன் கழுத்துக்குத்தான். மெல்லிசாக இரண்டு கோட்டுக்கு மேல் வேண்டாம்.

டூ-கே பெயிண்ட் என்றால் ஹார்ட்னர் கலந்து அடிப்பது, அந்த ஹார்ட்னரில் ஐசோசயனேட் என்கிற நச்சு இருக்கிறது, துணி மாஸ்க் அதைத் தடுக்காது. ஒரு தடவை நெஞ்சுக்கு ஒத்துக்கொள்ளாமல் போய்விட்டால் பிறகு கொஞ்சம் பட்டாலும் மூச்சு இழுக்கும், அப்புறம் பைலட் மெடிக்கல் டெஸ்டில் என்ன சொல்வாய். என் இருமலைப் பற்றி உன் அம்மா சொல்வதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே, அது வேறு. அத்தை பெண்ணுக்கு வைகாசியில் கல்யாணம், நீ வர மாட்டாய் என்றே சொல்லிவிட்டேன்.

கறுப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அங்கே இப்போது கடும் வெயில், கீழே தீ வேறு. ஏதாவது ஒன்று ஆகி, ஆகக்கூடாது, கரிந்த காட்டுக்குள் உன்னைத் தேட வேண்டி வந்தால் கறுப்பு ஹெல்மெட் யார் கண்ணுக்குத் தெரியும்? அமெரிக்கக் கடற்படை விமானிகள் ஹெல்மெட்டில் ரேடியம் டேப்பை வெட்டி ஒட்டிக்கொள்கிறார்கள், கடலில் விழுந்தால் தேடுகிறவன் விளக்கு பட்டதும் மின்னட்டும் என்று. உனக்கும் அதுதான் சரி. வெள்ளை அப்படியே இருக்கட்டும். கழுகை நான் ஆரஞ்சு ரேடியத்தில் வெட்டி அனுப்புகிறேன், இறக்கை இரண்டும் பக்கவாட்டிலும் பின்னாலும் வருகிற மாதிரி. நெற்றிக்கு மேலே வேண்டாம், ராத்திரியில் முன் கண்ணாடியில் அதன் நிழலடித்துக் கண் கூசும். பிடிக்காவிட்டால் உரித்துவிடலாம், பசையை சோப்புத் தண்ணீரில் எடு, பெட்ரோல் போட்டுத் துடைக்காதே.

அந்தக் கீறல்.

போட்டோவை எவ்வளவு பெரிதாக்க முடியுமோ அவ்வளவு பெரிதாக்கிப் பார்த்துவிட்டேன். மேஜையிலிருந்து விழுந்தால் ஒரு இடத்தில் புள்ளியாக வெடிக்கும். இது இடது காதுக்கு மேலே ஆரம்பித்துப் பின்னால் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது, ஆரம்பித்த இடத்தில் ஆழம், போகப்போக மெலிசு. நிறுத்தி வைத்திருந்த வண்டி, யாரோ இடித்துவிட்டார்கள் என்று சொல்லிக்கொண்டு பட்டறைக்கு வராத ஆளா? பம்பரைப் பார்த்தாலே ஓடின வண்டியா நின்ற வண்டியா என்று தெரிந்துவிடும், நாங்கள் ஒன்றும் கேட்பதில்லை, பில் போட்டுக் கொடுத்துவிடுவோம். உன்னிடமும் நான் ஒன்றும் கேட்கவில்லை. எதையும் சொல்லிவிட்டுச் செய்கிற பழக்கம் உனக்குச் செல்வபுரத்தில் இருந்தபோதே கிடையாது.

ஆனால் அதன்மேல் பெயிண்ட் அடிக்காதே. கழுகு ஸ்டிக்கரும் இப்போதைக்கு ஒட்டாதே. தெர்மாகோல் ஒரே ஒரு தடவைதான் அடி வாங்கும், நசுங்கினது நசுங்கினதுதான், வெளியே ஓடு முழுசாகத் தெரிந்தாலும் அடுத்த அடிக்கு உள்ளே ஒன்றும் மிச்சம் இருக்காது. ஒரு நாணயத்தை எடுத்துக் கீறலைச் சுற்றித் தட்டிக்கொண்டே வா. நல்ல இடத்தில் கணீரென்று கேட்கும், அடுக்கு விட்டுப்போன இடத்தில் மொத்தென்று கேட்கும். கணீரென்று கேட்டுவிட்டது என்பதற்காக மாட்டிக்கொண்டு கிளம்பிவிடாதே, அது சந்தேகத்தைப் பிடிக்கத்தான். செய்த கம்பெனிக்கோ அவர்கள் அங்கீகரித்த ஆளுக்கோ அனுப்பிப் பார்க்கச் சொல், பார்க்கிறவனிடமாவது நடந்ததை நடந்தபடி சொல். அதுவரைக்கும் வேறு ஹெல்மெட் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள், கேட்பதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை. மாற்ற வேண்டும் என்றால் மாற்றிவிடு. பணம் நான் அனுப்புகிறேன், டாலர் கணக்கு எனக்குச் சொல்ல வேண்டாம். உன் தாத்தா நிலத்துக் காசு இதற்கு உதவாமல் வேறு எதற்கு.

உன் அம்மாவுக்குக் கழுகு வரைந்த பேப்பரை மட்டும்தான் காட்டியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. வெறும் குரலில் வேண்டாம், வீடியோவில் வா, போன தடவை மாதிரி வீட்டுக்குள்ளே தொப்பி போட்டுக்கொண்டு உட்காராதே.

அப்பா