கண்மாயைப் பற்றிக் கேட்டாயே

அன்புள்ள மாப்ள,

கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்ததில் வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். மதுரைப் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை என்று உன் தங்கச்சிக்கு மட்டும் உன் மேல் கோபம்.

கண்மாயில் இன்னும் தட்டான் பறக்கிறதா என்று கேட்டிருந்தாய். பறக்கிறது, ஆனால் எல்லாக் கண்மாயிலும் இல்லை. ரிட்டயரான விலங்கியல் வாத்தியாருக்கு வேறென்ன வேலை? வலையும் வெள்ளைத் தட்டுமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

மேலூர்ப் பக்கம், சுற்றிலும் மேய்ச்சல் தரையாகக் கிடக்கும் ஒரு சின்னக் கண்மாயில் வலையை இழுத்தால் தட்டு முழுக்க ஒரே துள்ளல். பாசியை மேயும் பொடி உயிரியான நீர்த்தெள்ளு, மல்லாந்து நீந்தும் பூச்சி, தட்டான் குஞ்சு. அந்தக் குஞ்சு கீழுதட்டை முகத்தடியில் மடித்து வைத்துக்கொண்டு அசையாமல் கிடந்தது. கொசுப்புழு கிட்டே வந்ததும் உதட்டைச் சட்டென நீட்டிக் கவ்வியதே, அதைப் பார்க்க நீ இல்லை.

பிளாட்டுகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட நகரத்தோரக் கண்மாயில் சாக்கடைதான் வரத்து. அங்கே சேற்றில் நெளிகிற சிவப்புப் புழுதான் மிச்சம். நம் ரத்தத்தில் இருப்பது போல அதற்கும் ஹீமோகுளோபின் உண்டு. ஆக்சிஜன் குறைந்தாலும் தாக்குப்பிடிக்கும்.

வயலும் மல்லிகைத் தோட்டமும் சூழ்ந்த கண்மாய்கள் இரண்டுங்கெட்டான். செடிக்கு அடித்த மருந்து மழையோடு இறங்கினால் முதலில் சாவது நீர்த்தெள்ளுதான். பாசியை மேய ஆளில்லை, யூரியாவும் சேர்ந்துகொள்ளும், தண்ணீர் பச்சையாகக் குழம்பிவிடும். ராத்திரி பாசியும் மூச்சுவிடுமல்லவா, விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கும். ஆனால் கெட்டபெயர் என்னவோ கண்மாய்க்குத்தான்.

எனக்கு எரிச்சல் எங்கே என்றால், கரையில் நடைபாதை போடுகிறவர்கள், கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அதன் இருபுறமும் கோரையையும் புல்லையும் விட்டுவைத்தாலே மண்ணும் உரமும் பெரும்பாலும் அங்கேயே தங்கிவிடும். தூர்வாருவதிலும் நிதானம் வேண்டும். நீர்த்தெள்ளின் முட்டை காய்ந்த வண்டலில் வருஷக்கணக்கில் உயிரோடு கிடக்கும். மேல்மண்ணை ஒட்டச் சுரண்டினால் அதுவும் லாரி ஏறிப் போய்விடும். ஒரு மூலையை மட்டும் விடுங்கள் என்று சொல்லிப் பார்த்தேன், சிரித்தார்கள்.

மேலூர்ப் பக்கத்து அரிட்டாபட்டியை 2022-இல் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தபோது கண்மாய்களோடு அவற்றுக்குத் தண்ணீர் தரும் குன்றையும் சேர்த்தார்கள் பார், அது சரியான முறை.

டிசம்பரில் வா, கண்மாய் பெருகியிருக்கும். வரும்போது நல்ல கைலென்ஸ் ஒன்று வாங்கி வா. என்னுடையதைப் பேரன் உடைத்துவிட்டான்.

அன்புடன்,
உன் பழைய ஹாஸ்டல் கூட்டாளி