வெல்லாவெளி வீதியில் எங்களைக் கரைசேர்த்தவர்களுக்கு

மண்டூர் - வெல்லாவெளி வீதியோரத்து உறவுகளுக்கு வணக்கம்.

உங்களில் பலருடைய பெயரை அன்றிரவு நான் கேட்கவேயில்லை. கேட்ட இருவரும் எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஆகவே பெயரில்லாமலே எழுதுகிறேன். யாரைச் சொல்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும்.

முதல் நன்றி, நான் சொல் கேட்காத அந்தப் பெரியவருக்கு. ஐயா, அந்த மார்கழி வெள்ளிக்கிழமை காற்றுப் பலமாக இருந்ததால் குருமண்வெளியில் வாவியைக் கடக்கும் பாதை (மிதவைப் படகு) ஓடவில்லை. மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு பட்டிருப்புப் பாலத்தால் சுற்றி வந்தேன். வெல்லாவெளியைத் தாண்டும்போது நன்றாக இருட்டிவிட்டது. வீதிக்குக் குறுக்கே தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்த இடத்தில் குடையை ஊன்றியபடி நின்ற நீங்கள், கார்க் கண்ணாடியைத் தட்டி, "மனே, போக வேண்டாம். தண்ணீர் ஏறுகிறது" என்றீர்கள்.

மழை விட்டு மூன்று மணித்தியாலம் ஆகியிருந்தது. இனி எப்படி ஏறும் என்று நினைத்தேன். நவகிரிக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்தால், நம் தலைக்கு மேலே வானம் வெளுத்திருந்தாலும் மேட்டிலிருந்து தண்ணீர் வந்துகொண்டே இருக்கும் என்பதைச் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவன் நான். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் பிறந்த எவருக்கும் இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் அம்மா வீட்டில் தனியே இருந்தார். வீட்டுக்கு இன்னும் சில கிலோமீற்றர்தான். அந்த 'இன்னும் கொஞ்சத் தூரம்' என்ற நினைப்பு என் கண்ணை மறைத்துவிட்டது.

நடுவில் போனதும் காரின் பின்பக்கம் மெதுவாக வயல் பக்கம் நகரத் தொடங்கியது. ஸ்டியரிங்கைத் திருப்பினேன், சக்கரம் திரும்பியது, கார் திரும்பவில்லை. ஓரடி அளவு தண்ணீரே ஒரு சிறிய காரைத் தூக்கி மிதக்க வைக்கும், இரண்டடித் தண்ணீர் வேகமாக ஓடினால் வான் வண்டியையும் இழுத்துப் போகும் என்று பிறகு சொல்லிக் கேட்டேன். கார் சும்மா நகர்கிறதா மிதக்கிறதா என்று அந்த நேரத்தில் எனக்கு விளங்கவில்லை. ஒரு குலுக்கலோடு எஞ்சின் நின்றது. மகள் அழவில்லை. "அப்பா, கால் நனைகிறது" என்று மட்டும் சொன்னாள். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

ஐயா, நான் தண்ணீருக்குள் இறங்கிய உடனேயே நீங்கள் உழவு இயந்திரத்துக்கு ஆள் அனுப்பிவிட்டீர்கள் என்று மறுநாள்தான் அறிந்தேன். சொல் கேட்காமல் போனவன் மீது கோபப்படாமல், அவன் மாட்டிக்கொள்வான் என்று முன்கூட்டியே அறிந்து, அவனை மீட்க வழி தேடியிருக்கிறீர்கள். இதற்கு நன்றி என்ற சொல் போதாது.

இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு வரிசையாக வந்த மூன்று தம்பிமாருக்கும் என் குடும்பத்தின் நன்றி. தண்ணீரின் அழுத்தத்தில் கதவு திறக்கவில்லை. மின்சாரம் போவதற்குள் கண்ணாடியை இறக்கச் சொல்லிக் கத்தினீர்கள். பிள்ளைகளை அந்த வழியாக எடுத்துத் தோளில் வைத்தீர்கள். ஒவ்வோர் அடிக்கும் முன்னால் தடியால் குத்திப் பார்த்தீர்கள். மதகுக்குப் பக்கத்து மண் அரித்துப் போயிருந்ததும், மேலே தண்ணீர் ஒரே மட்டமாகத் தெரிந்தாலும் அடியில் வீதி அந்த இடத்தில் முடிந்துவிட்டதும் உங்கள் தடிக்குத்தான் தெரிந்திருந்தது.

உழவு இயந்திரம் ஓட்டி வந்த தம்பி பின்னால் இழுக்கும் பெட்டியைக் கழற்றிவிட்டுத்தான் தண்ணீரருகே வந்தார். அக்கரைக்குப் போகக் காத்திருந்த ஏழெட்டுப் பேர் ஏற்றச் சொல்லிக் கெஞ்சினார்கள். அவர் மறுத்துவிட்டார். 2024 நவம்பர் 26ஆம் திகதி மாவடிப்பள்ளியில் மதரசா மாணவர்களை ஏற்றி வந்த உழவு இயந்திரம் வெள்ளத்தில் கவிழ்ந்து பிள்ளைகள் இறந்ததை அவர் மறக்கவில்லை. "சக்கரம் பெரியது என்று தண்ணீருக்குத் தெரியாது" என்றார். எங்கள் காரைப் பின்பக்கமாகக் கட்டி, வந்த வழியே இழுத்தார். தம்பி, அன்று நீங்கள் செய்த உதவியில் பாதி, அந்த மறுப்புத்தான்.

களுவாஞ்சிகுடியில் வாகனம் திருத்தும் அண்ணன், தொலைபேசியில் நீங்கள் சொன்ன முதல் வார்த்தை "சாவியைத் தொடாதே". உலர்ந்தவுடன் ஒரு முறை ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கலாம் என்றுதான் நினைத்திருந்தேன். காற்றை நசுக்கலாம், தண்ணீரை நசுக்க முடியாது, சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது எஞ்சினைச் சுழற்றினால் கனெக்டிங் ரொட் வளைந்துவிடும் என்று விளக்கினீர்கள். மறுநாள் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றி, பால்தேநீர் நிறத்துக்கு மாறியிருந்த ஒயிலை மாற்றி, கூலியில் பாதியைத் திருப்பித் தந்தீர்கள். வீட்டுக்குப் போகும்போது பிரேக்கை மெல்ல மெல்ல மிதித்து ஈரத்தைக் காயவைக்கச் சொன்னதையும் செய்தேன்.

அந்த இரவு எங்களுக்கு இடம் தந்த அக்காவை நினைத்தால் எழுத வரவில்லை. உங்கள் பிள்ளைகளின் உலர்ந்த உடுப்பு, இஞ்சி போட்ட பிளேன்ரீ, குத்தரிசிச் சோறு, மீன் சொதி. நீங்கள் சாப்பிட்டீர்களா என்று நாங்கள் கேட்கவும் மறந்துவிட்டோம். மண்டூரில் உள்ள உங்கள் தங்கைக்குத் தொலைபேசி எடுத்து, அவரை அம்மாவோடு துணைக்குப் படுக்க வைத்ததும் நீங்கள்தான்.

நடுச்சாமம் கடந்தும் டோர்ச் லைட்டோடு வீதியில் நின்று வண்டிகளைத் திருப்பி அனுப்பிய இளைஞர்களுக்கும் நன்றி. வயலெல்லாம் பெரும்போக வேளாண்மையும் வெள்ளமுமாக இருக்க, மேட்டு வீதியில் ஏறிப் படுத்திருந்த மாடுகளையும் நீங்களே விரட்டினீர்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கு அழைத்து வீதி மூழ்கிய செய்தியைச் சொன்னதும் உங்களில் ஒருவர்தான் என்று அறிந்தேன்.

அந்த மதகின் இருபுறமும் நடுவதற்குப் பத்துக் கம்பங்கள் செய்வித்திருக்கிறேன். சிவப்பும் வெள்ளையும் பூசி, அடிக்கணக்குக் குறித்திருக்கிறேன். பிரதேச சபையில் அனுமதி கேட்டிருக்கிறேன். எங்கே நடுவது என்பதை ஐயாதான் காட்ட வேண்டும். தைப்பொங்கலுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருகிறோம். அக்காவின் பிள்ளைகளுடைய உடுப்புகளைத் தோய்த்து மடித்து வைத்திருக்கிறோம். உழவு இயந்திரத் தம்பியின் கயிறும் என்னிடம்தான் இருக்கிறது.

நன்றியுடன்,
மண்டூரிலிருந்து ஒரு குடும்பம்